விரலும் விசையும்

துப்பாக்கி வந்து சேர்ந்தபோது இருதயமேரிக்குத் தலையில் முடி திரும்ப முளைத்திருந்தது. ஆர்டர் கொடுத்த காலத்தில் இடுப்பு வரைக்கும் பின்னல். நடுவில் வயிற்றில் கட்டி, ஆபரேஷன், கீமோ என்று ஒரு பெரிய கலவரம் வந்து வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய துப்பாக்கிக்கு இதொன்றும் தெரியாது. அது கஸ்டம்ஸ், லைசென்ஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஒவ்வொரு வாசலிலும் சாவகாசமாக உட்கார்ந்து எழுந்து, கல்யாணத்துக்கு மறுநாள் வருகிற சித்தப்பா மாதிரி வந்து இறங்கியது.

பாயிண்ட் டூ டூ ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலித் தோட்டாவைத் தள்ளிவிட்டு, அடுத்ததைக் கையால் வைத்து மூட வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக்குப் பங்காளி முறைதான், ஆனால் இது எதையும் கொல்லப் பிறந்ததில்லை. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில், கறுப்பு வட்டத்தின் நடுவில், ஒரே ஓட்டையில் மறுபடி மறுபடி குண்டு போக வேண்டும். அவ்வளவுதான் இதற்கு வேலை. இதற்குப் போய் இத்தனை வருஷம் காத்திருந்தாயா என்று கேட்டவர்களுக்கு மேரி பதில் சொன்னதில்லை. சொன்னாலும் புரிகிற விஷயமில்லை.

மேரி திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கும் ரைபிள் கிளப்பில் பல காலமாகச் சுடுகிறவள். அங்கே அவள் சுட்டதெல்லாம் கிளப்பின் பழைய துப்பாக்கியில். ஊரில் பாதிப் பேர் கன்னத்தை வைத்த கட்டை அது. அதிலேயே மாநில அளவில் மெடல் வாங்கிவிட்டாள் என்பதால், சொந்தமாக ஒன்று இருந்தால் என்னவெல்லாம் செய்வாள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவர் அவள் கணவர் பிலோமின்ராஜ்.

பிலோமின்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைலாசபுரம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர், ஆலையில் ஃபிட்டிங் பகுதி ஃபோர்மேன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் திருகு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார். மனைவிக்கு நோய் வந்தபோதும் அப்படித்தான் பார்த்தார், திருகு எங்கேயும் அகப்படவில்லை. பாவம், அந்த மாதங்களில் வீட்டில் இருந்த எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றினார், ஒழுகாத குழாய்க்கும் சேர்த்து. அழ வேண்டும் என்றால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். வெளியே கேட்காது என்று அவருக்கு நினைப்பு. படுக்கையில் கிடந்தபடி மேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே துப்பாக்கிப் பெட்டி வீட்டுக்குள் நுழைந்த அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மேரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதைக்கூட ஏதோ அடுத்த வீட்டுச் சேதி போலக் கவனித்துக்கொண்டாள்.

பெட்டியை முதலில் மந்திரிக்க வேண்டும் என்று பிலோமின் பங்குக் கோயிலுக்குத் தூக்கிப்போனார். புது வண்டி வாங்கினால் மந்திரிப்பதில்லையா? சாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டார். இதற்கென்று புத்தகத்தில் ஜெபம் எதுவும் இல்லையே என்று கொஞ்ச நேரம் தயங்கி, கடைசியில் வாகனத்துக்கான ஜெபத்தையே சொல்லி, மூடிய பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார். பாதுகாப்பான பயணம் அமையட்டும் என்று துப்பாக்கிக்கு ஆசீர்வாதம் கிடைத்தது. பிலோமினுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போர்வை விரித்து வேலை ஆரம்பமானது. புதுத் துப்பாக்கி கடையில் வாங்கிய ரவிக்கை மாதிரி, ஆளுக்குத் தக்கபடி பிடித்தும் விட்டும் தைத்தால்தான் உண்டு. தோளில் பதியும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கன்னம் வைக்கும் கட்டையை ஏற்றினார், இறக்கினார். தரையில் பாய் விரித்து மேரியைக் குப்புறப் படுக்க வைத்து, தையல் வலிக்கிறதா, கழுத்து இழுக்கிறதா என்று தையற்காரரைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தார். வலியில்லை என்றாள். கழுத்து சரியாக இருக்கிறது என்றாள். இரண்டுமே உண்மை.

கடைசியாக விசை. எல்லாரும் ட்ரிகர் என்கிறோமே, அது. நல்ல துப்பாக்கியின் விசையில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் விரலோடு சும்மா நகர்ந்து வரும், பிறகு ஓரிடத்தில் லேசாகத் தட்டுப்பட்டு நிற்கும். அந்தத் தட்டுப்படுகிற இடத்தில் விரலை நிறுத்தி, மூச்சை அடக்கி, குறி சரியாக வந்த கணத்தில் இன்னும் துளி அழுத்தினால் சுடும். சுடுகிறவருடைய வித்தை முழுக்க அந்த இடத்தில் இருக்கிறது. பிலோமின் காலித் துப்பாக்கியை அவளிடம் கொடுத்து, விசையை இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

"தட்டுப்படுதா மேரி?"

அவள் விரல் அங்கே இருந்தது, கண்ணால் பார்த்தாள். விசை நகர்ந்தது, அதையும் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ம். படுது," என்றாள்.

மூன்றாவது கீமோவிலிருந்தே அப்படித்தான். முதலில் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. புளியைக் கரைத்தால் கரைந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டும். ரவிக்கை ஊக்கைக் கண்ணாடி முன்னால் நின்றுதான் போட முடியும். ஒருநாள் தோசைக் கல்லின் விளிம்பில் கை இருந்திருக்கிறது, வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். டாக்டரிடம் சொன்னபோது, மருந்து செய்கிற வேலை, சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார். பஸ் வருமா வராதா என்று கேட்டால் டெப்போவில் சொல்வார்களே, அதே குரல். பிலோமின் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

அவர் மேலே வந்த பிறகு அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டி போய்விட்டது, இனி பயமில்லை என்று ரிப்போர்ட் வந்து வீடே அழுது தீர்த்தபோது, காலையில் காய்ச்சிய பால் என்ன ஆயிற்றோ என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். விரலுக்கு வந்தது உள்ளேயும் வந்துவிட்டது என்று நினைத்தாள். பயமோ நன்றியோ ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடித்துக்கொள்ள இருந்தது. குப்புறப் படுத்து, குறியைப் பார்த்து, மூச்சை அடக்கினால் பழைய மேரி வந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. அங்கே யாரும் தலையைச் சாய்த்துக்கொண்டு எப்படி இருக்கீங்க டீச்சர் என்று கேட்பதில்லை. விரல் மரத்துவிட்டது என்று சொன்னால் பிலோமின் அந்த நிமிஷமே துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அவள் மறுபடி நோயாளி ஆகிவிடுவாள். அவர் மறுபடி பாத்ரூம் குழாயைத் திறப்பார். அதனால் படுது என்று சொல்லிவிட்டாள்.

கிளப்பில் முதல் நாள் சுட்டதைப் பார்த்துக் கூட்டமே கூடிவிட்டது. பார்க்கக் கூடாததைப் பார்த்த கூட்டம். நாலு குண்டு ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியிருக்கும், அஞ்சாவது எங்கேயோ ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த அட்டையிலும் அதே கதை. புதுத் துப்பாக்கி, பழகணும் என்றார்கள். கொள்ளிடத்துக் காற்று என்றார்கள். பிலோமின் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஒரு குற்றவாளியைப் பிடித்தார். முதலில் அகப்பட்டவர் அவரேதான். துப்பாக்கிக் குழாயையும் கட்டையையும் பிணைக்கிற இரண்டு ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் தெளிவாக எழுதியிருந்தான். பாய்லர் மூடிகளை ஆயுசு முழுக்க முறுக்கிய கைக்கு அந்த அளவு விளையாட்டாகத் தெரிந்ததால், இருக்கட்டுமே என்று இன்னும் ஒரு பிடி போட்டிருந்தார். இறுக்கிப் பிடித்தால் எதுவும் அசையாது என்பது ஆலைச் சட்டம். துப்பாக்கிக்கு அது பொருந்தாது, அளவு மீறி இறுக்கினால் இரும்பு நெளிந்து குண்டு சிதறும். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு தளர்த்தினார். நாலு குண்டு இன்னும் நெருங்கி வந்தன. அஞ்சாவது வழக்கம்போல ஓடிப்போனது.

அடுத்தது ஆயுத பூஜை. கிளப் செயலாளர் மாதவன் கோயிலை ஒட்டிய உத்தர வீதிக்காரர், நியம நிஷ்டையான மனிதர். எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை கொடுத்தார். மேரியின் துப்பாக்கிக்கும் பெரிய பொட்டு, விசைக்கு நேர் மேலே. மறுவாரம் பிலோமினுக்கு அதே யோசனை. குங்குமம் உள்ளே இறங்கி விசையில் கலந்திருக்குமோ? மாதவனுக்குத் தெரியாமல் துப்பாக்கியைக் கழற்றி, சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தாகத் துடைத்தார். கொஞ்சம் சிவப்பு வரவும் செய்தது. வெள்ளைத் துணியில் அதை வைத்து மேரியிடம் காட்டினார். கொலைகாரனைக் கண்டுபிடித்த போலீஸ்காரர் மாதிரி நின்றார். அவள் பார்த்துவிட்டு ஆமா என்றாள்.

பிறகு தோட்டா. எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்பது மாப்பிள்ளை பார்க்கிற வேலை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சுட்டுப் பார்த்தார்கள். எதிலும் ஒத்துவரவில்லை. மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பிலோமின் சாப்பாட்டில்கூட அட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. தன் விரலுக்காக இவர் இப்படி அலைகிறார் என்று மேரிக்குத் தெரிந்தது. தெரிந்தும் உறைக்கவில்லை.

கண்டுபிடித்தவர் பரக்கத் அலி. போலீஸில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிளப்பில் சுடுகிற வரிசைக்குப் பொறுப்பாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிலோமின் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், மேரியின் துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்துத் தானே அஞ்சு குண்டு சுட்டார். அஞ்சும் ஒரே ஓட்டை. அட்டையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தப்பு துப்பாக்கில இல்ல. நீங்க விரலைப் பார்த்து ட்ரிகர்ல வைக்கிறீங்க. சுடத் தெரிஞ்சவங்க யாரும் விரலைப் பார்க்க மாட்டாங்க."

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவரைக்கும் மரத்திருக்கு என்று கேட்டார். நுனியெல்லாம் என்றாள். சாருக்குத் தெரியுமா என்றார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது. அதுவரைக்கும் வரிசைல படுக்க வேணாம் டீச்சர்."

"சொல்றேன் பாய்," என்றாள். அந்த அட்டையை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிலோமினே புது முடிவோடு வந்து உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தாராம். கீமோவுக்குப் பிறகு அவள் கையில் பலம் குறைந்திருக்கும், அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. விசை அவளுக்குக் கனமாக இருக்கிறது, அழுத்திச் சிரமப்படும்போது துப்பாக்கி அசைகிறது. எவ்வளவு எளிய விஷயம், எத்தனை வாரம் தப்பவிட்டுவிட்டார்! விசைத் திருகைத் தளர்த்தி, தளர்த்தி, பூ விழுந்தால்கூட நகருகிற அளவுக்குக் கொண்டுவந்தார். இப்ப எப்படி இருக்கு என்று கேட்டார். சொல்ல வேண்டிய வார்த்தை அப்போதும் வாய் வரைக்கும் வந்தது.

"நல்லா இருக்கு," என்றாள்.

அடுத்த வாரம் பரக்கத் அலி பேத்தி நிச்சயதார்த்தத்துக்காக ஊரில் இல்லை. வரிசையை மாதவனே கவனித்துக்கொண்டார். மேரி படுத்தாள். தோட்டாவை வைத்துப் போல்ட்டை மூடினாள். இன்னும் உத்தரவு வரவில்லை, அவள் துப்பாக்கியைக் கையோடு பிணைக்கிற பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். குறிகூடப் பார்க்கவில்லை. துப்பாக்கி வெடித்தது.

குண்டு பாதி தூரத்தில் தரையில் பட்டு மண்ணைக் கிளப்பிவிட்டு, அட்டைகளுக்குப் பின்னால் இருந்த மண்கரையில் போய்ப் புதைந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சுடும் இடத்தில் உத்தரவில்லாமல் ஒரு குண்டு போவது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மேரி தன் கையைப் பார்த்தாள். விரல் விசையின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. வெடித்த சத்தம் காதுக்குக் கேட்டதைத் தவிர, தான் சுட்டோம் என்பதற்கு அவளிடம் வேறு சாட்சியே இல்லை.

பிலோமின் ஓடிவந்தார். போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, எழுந்து நின்று எல்லாரையும் பார்த்தார்.

"என் தப்பு சார். நான்தான் ட்ரிகரை ரொம்ப இளக்கிட்டேன். அவ மேல ஒண்ணும் இல்ல."

மாதவன் கோபப்படுகிறவர் இல்லை. அதனால்தான் அவர் பேசினது இன்னும் கனமாக விழுந்தது. "பெருமாள் கிருபை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா பிலோமின் சார், இத்தனை வருஷம் மிஷினோட இருந்தவர், உங்களுக்கு இது தெரியாம போகுமா? இனிமே எந்தத் துப்பாக்கியிலயும் நீங்க கை வைக்கப்படாது. கமிட்டி கூடித் தீர்மானம் பண்றவரைக்கும் வராம இருக்கறதுதான் உங்களுக்கும் மரியாதை."

கைலாசபுரத்தில் பாதுகாப்புப் பரிசு வாங்கிய மனுஷன் அவர். தன் பகுதியில் ஒருத்தருக்கு நகம்கூடப் பெயராமல் பார்த்துக்கொண்டவர். எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க சார், சரிங்க சார் என்றார். என் விரலுக்குத்தான் உணர்ச்சி இல்லை, அவர்மேல் ஒன்றும் இல்லை என்று மேரி எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தாள். படுத்த இடத்திலேயே படுத்திருந்தாள்.

காரில் வீடு திரும்பினார்கள். காவேரிப் பாலத்தில் நெரிசல், வண்டி நின்று நின்று போனது. பிலோமின் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். முன்னால் வண்டி நகர்ந்தும் அவர் கியர் போட மறந்து நிற்பதை மேரி முதல்முறையாகப் பார்த்தாள். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டியபோதுகூட அவர் எதையும் மறக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. அவள் உள்ளே எங்கேயோ ஒன்று லேசாக அசைந்தது. அது வெட்கம். பெயர் கண்டுபிடிக்க அவளுக்குத் திருவெறும்பூர் வரை ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அவர் துப்பாக்கியை மேஜை மேல் வைத்தார். பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"இது வேணாம் மேரி. கிளப்லயே யாருக்காச்சும் குடுத்துரலாம். என் கை பட்டதுதான் வினை. உனக்குன்னு ஒண்ணு செய்யப் போய் அதையும் கெடுத்துட்டேன்."

மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போல்ட்டைத் திறந்து உள்ளே காலி என்று தானும் பார்த்து, அவருக்கும் காட்டினாள். அது கிளப் பழக்கம், வீடென்றாலும் விடமாட்டாள். போல்ட்டை மூடி, விரலை விசைமேல் வைத்தாள். வைத்ததைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

"திருகுச் சாவிய எடுங்க. ட்ரிகரைக் கனமாக்கிட்டே வாங்க. எனக்குத் தட்டுப்பட்டா சொல்றேன்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் திருகு என்றால் அவர் கை தானாகப் போய்விடும். ஒரு சுற்று முறுக்கினார்.

"இப்போ?"

"இல்ல."

இன்னொரு சுற்று. போல்ட்டை ஏற்றிக் கொடுத்தார். அவள் இழுத்தாள். உள்ளே டிக் என்று சத்தம் கேட்டது.

"இப்போ?"

"இல்ல."

"வெளையாடாத மேரி."

"வெளையாடல. முறுக்குங்க."

முறுக்கினார். கேட்டார். இல்லை என்றாள். கேட்கிற குரல் ஒவ்வொரு தடவையும் சிறுத்துக்கொண்டே வந்தது. கிளப் துப்பாக்கியின் கனத்தைத் தாண்டிவிட்டது. காட்டுப் பன்றி சுடுகிற துப்பாக்கிக்கு வைக்கிற கனத்துக்கு வந்துவிட்டது. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். சாவி திரும்புகிற ஓசை மட்டும் கேட்டது, கடைசியில் அதுவும் நின்றது.

"இதுக்கு மேல திருகு இல்ல மேரி," என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் சாவியைப் பிடித்தபடி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். மூன்றாவது கீமோவிலிருந்து என்றாள். பத்து விரலுமா? பத்தும்தான், காலிலும் கொஞ்சம்.

"நான் கேட்டப்பல்லாம் தெரியுதுன்னு சொன்ன."

"ஆமா. பொய் சொன்னேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பாய் கண்டுபிடிச்சுட்டாரு."

அதுதான் அவருக்குப் பட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. மேரி அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"குழாயை மூடிட்டு வாங்க. எனக்கு எப்பவும் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அவர் திரும்பி வரும்போது கையில் மார்க்கர் பேனா இருந்தது, ஆலையில் குழாய் வெட்டுவதற்கு முன்னால் கோடு போடுகிற பேனா. எதிரே உட்கார்ந்து அவள் வலது கையை மேஜை மேல் மல்லாத்தி வைத்தார். பேனா மூடியின் முனையால் ஆள்காட்டி விரலின் நுனியில் அழுத்தினார். இல்லை என்றாள். கொஞ்சம் கீழே. இல்லை. முதல் மடிப்பு. இல்லை. அதற்கும் கீழே.

"இங்க?"

"லேசா."

"இங்க?"

"ம். இங்க இருக்கு."

நடு மடிப்புக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு கோடு போட்டார். வெட்ட வேண்டிய குழாயில்கூட இவ்வளவு கவனமாகப் போட்டிருக்க மாட்டார். பிறகு துப்பாக்கியை நகர்த்தி, அவள் விரலை உள்ளே தள்ளி, அந்தக் கோடு விசைமேல் படும்படி வைத்தார். வேட்டைக்காரர்கள்தான் இப்படி மடிப்பில் பிடிப்பார்கள், பாய் பார்த்தால் திட்டப்போகிறார் என்று முணுமுணுத்தார். மேரி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். விசை நகர்ந்தது. ஓரிடத்தில், ரொம்பத் தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி, தட்டுப்பட்டது. அவள் அங்கேயே நின்றாள்.

"இருக்குங்க," என்றாள். "இந்தத் தடவை நெசமா இருக்கு."

போட்டிக்கு இது போதாது. இருவருக்கும் தெரியும். நாளைக்கு மாதவனிடம் போய் நடந்ததைச் சொல்லப்போவதாகவும், சொல்ல வேண்டியவள் தான்தான், அவர் கூட வரக்கூடாது என்றும் சொன்னாள். அவர் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்துக் கோடு போட்டார். அதற்கடுத்த விரலுக்கும் போட்டார். எந்த இரண்டு கோடும் ஒரே உயரத்தில் இல்லை.

"இருக்கட்டும். மாசா மாசம் பார்ப்போம். கோடு மேல ஏறுதான்னு."

"ஏறலைன்னா?"

அவர் குனிந்து சுண்டுவிரலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் ஆள்காட்டி விரலின் நுனியில் விழுந்தது. விழுந்ததை அவள் பார்த்தாள். பட்டது தெரியவில்லை. நுனியில் அப்படியே நின்று பளபளத்துக்கொண்டிருந்தது.

மேரி பெருவிரலை வளைத்து, அந்த ஈரத்தை இழுத்துக் கோட்டுக்குக் கீழே தேய்த்தாள். சுட்டது.